கலை பயில ஒரு மாலைப் பொழுது

காவிரிக் கரையில் வாழ்வோர்க்குக் கலை என்பது தொலைவில் தேடிச் சென்று காண வேண்டிய பொருளன்று. குத்தாலத்தில் நின்று எந்தத் திசையில் புறப்பட்டாலும் அது எதிரே வந்து நிற்கும். ஒரு பக்கம் சென்றால் கம்பர் பிறந்த ஊர் என வழிவழியாகப் போற்றப்படும் தேரழுந்தூர். இன்னொரு பக்கம் கோனேரிராசபுரம். அங்குள்ள நடராசர் செப்புத் திருமேனி ஆள் உயரத்தையும் விஞ்சியது. கும்பகோணம் செல்லும் இருப்புப்பாதையில் சிறிது தூரம் போனால் நாகசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டை. அதன் அருகிலேயே, நாகசுரச் சக்கரவர்த்தி எனப் பெயர்பெற்ற இராசரத்தினம் பிள்ளை (1898–1956) வாழ்ந்த திருவாவடுதுறை. கும்பகோணத்தையும் தாண்டினால் சுவாமிமலை. மெழுகில் உருச்செய்து உலோகம் வார்க்கும் தபதியர் இன்றும் அங்குத் தொழில் செய்கின்றனர்.

இவ்வளவு செழிப்புக்கு நடுவே பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு கலையையேனும் முறையாகப் பயிலும் வாய்ப்புக் கிட்டுகிறது? விழாக்காலத்தில் கேட்கின்றனர், சுற்றுலாவில் பார்க்கின்றனர். கற்போர் யார் என்று கேட்டால்தான் விடை தடுமாறுகிறது.

நம் பங்கைச் சேர்ந்த சிலர் ஒன்றுகூடி இதனைப் பேசத் தொடங்கியபோது, வெறும் வருத்தமாகப் பேசி முடித்துவிடக் கூடாது என்று எண்ணினோம். குத்தாலத்திலோ அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ வாழும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இசையோ ஓவியமோ கற்க விரும்பினால், அது எங்கே, எந்த நேரத்தில், என்ன செலவில் இயலும் என்று விசாரித்துப் பார்ப்பது என முடிவு செய்தோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பது நன்றி மறந்த பேச்சாகும். கலை பண்பாட்டுத் துறையின்கீழ் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இயங்குகின்றன. நமக்கு அணித்தாயுள்ளது சீர்காழியில் இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை இத்தகைய பள்ளிகளில் கற்பிக்கப்படுகின்றன. 12 வயது முதல் 25 வயது வரை உள்ளோர் சேரலாம், படிப்பு மூன்றாண்டு. நாதசுரத்திற்கும் தவிலுக்கும் தேவாரத்திற்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பேருந்துச் சலுகையும் சிறு உதவித்தொகையும் உண்டு. ஏழைப் பிள்ளையை மனத்திற்கொண்டு வகுத்த ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அவை பகல்நேரப் பள்ளிகள். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு முடிவன. பள்ளிக்கூடமும் அதே நேரத்தில்தானே நடக்கிறது? ஆகவே எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளை அங்குச் சேர வேண்டுமானால் பள்ளியை விட வேண்டும். பள்ளியில் தொடர வேண்டுமானால் இசையை விட வேண்டும். திருவையாற்றில் அரசு இசைக்கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. இவை வளர்ந்தபின் நுழையும் வாயில்கள். வேளாண்மை அறிந்த நமக்கு இதனைச் சொல்ல நல்ல உவமை ஒன்று உண்டு: நடவுக்கு வயல் ஆயத்தமாயிருக்கிறது, நாற்றங்காலைத்தான் காணோம்.

நாற்றங்கால் பள்ளிக்கூடமாக இருந்திருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வி ஒரு பாடமாகவே இருத்தல் வேண்டும் என்று கூறியது. 2009-இல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலும் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் குறிக்கப்பட்டுள்ளார். ஆனால் அவ்வட்டவணையை ஊன்றிப் படித்தால் ஒன்று தெரியவரும். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், பிள்ளைகளின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டிய பள்ளிக்கே அந்தப் பயிற்றுநர். நம் பகுதியின் சிற்றூர்ப் பள்ளிகளை அறிந்தோர் இதன் பொருளை உடனே உணர்வர். பிள்ளைகள் குறைந்த பள்ளி ஏழைகளின் பள்ளி. அப்பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் சட்டப்படியே உரியவர் அல்லர்!

2012-இல் தமிழ்நாட்டு அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தியது. வாரத்தில் மூன்று அரை நாட்கள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் ஊதியம். அவர்களுள் ஒருவரை நாம் நன்கு அறிவோம். மூன்று அரை நாட்களில் தாம் கற்பித்ததைவிட, தேர்வு நெருங்கும்போது பிற பாடத்தினர் வந்து "உங்கள் வேளையைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிச் சென்றதே மிகுதி என்பார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெற்று வருகிறது. அதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். கூச்சமுள்ள பிள்ளைகள் மேடை ஏறினர். பறையும் ஒயிலாட்டமும் பள்ளி வளாகத்தில் தலைநிமிர்ந்து நின்றன. எனினும் நமக்குத் தெரிந்த சிறுவன் ஒருவனின் கதையையும் சொல்ல வேண்டும். செங்கல் சூளையில் வேலை செய்பவரின் மகன். களிமண்ணில் உருவம் செய்யும் போட்டியில் பரிசு பெற்றான். ஏர் பூட்டிய மாட்டை அவன் செய்திருந்தான். மாட்டின் கழுத்து நுகத்தடிக்குக் கீழே எப்படி மடியும் என்பதை அவன் கண்டு வைத்திருந்த விதம் வியப்பூட்டுவது. சான்றிதழ் வந்தது, புகைப்படம் எடுத்தனர், அடுத்த நாள் கணக்குத் தேர்வு. அடுத்த போட்டிவரை அவனுக்குக் களிமண் பற்றிச் சொல்லித்தர ஒருவருமில்லை. போட்டி என்பது அறுவடை நாள். அறுவடை நாளை மட்டும் கொண்டாடி விளைச்சலைக் காணும் உழவன் எங்கேனும் உண்டோ?

இப்பக்கத்து மண்ணில் கலை பயிலும் வாய்ப்பு எப்படிப் பிறந்தது, எப்படி மறுக்கப்பட்டது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1871-இல் உ.வே. சாமிநாத ஐயர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்க வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. குடும்பமோ மிக வறியது. தந்தையார் சங்கீதத்தில் தேர்ந்தவர். மகன் அதனையும் விட்டுவிடக் கூடாதென்று, மாயூரத்திலேயே வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்குமாறு அனுப்பினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய பெரும்புலவர் அவர். மாணவரும் கற்றார், மகிழ்ந்தார். செய்தி ஆசிரியரின் காதுக்கு எட்டியது. இசையில் முயற்சி செய்தால் இலக்கண இலக்கியங்களில் கருத்துச் செல்லாது என்று பிள்ளையவர்கள் கூறிவிட, இசைப்பாடம் அத்தோடு நின்றது. ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை எழுதியிருக்கிறார். நமக்கு வாய்த்த தமிழ்ப் பெருமக்களுள் ஒருவரான மகாவித்துவானே அவ்வாறு எண்ணியிருக்கும்போது, இன்றைய தந்தை ஒருவர் "முதலில் பத்தாம் வகுப்பை முடி" என்று மகனிடம் சொல்வதைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

அதே மாயூரத்தில் அக்காலத்தில் முன்சீப்பாக இருந்தவர் நம் சபையைச் சேர்ந்த வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று மட்டுமே அவரை நம்மவர் நினைவு கூர்கின்றனர். அவர் கீர்த்தனைகளும் இயற்றியவர். மகாவித்துவானுக்கும் பாரதியாருக்கும் நண்பர். ஒரு சைவப் புலவர், ஓர் இசைப்புலவர், ஒரு கத்தோலிக்க நீதிபதி ஆகிய மூவரும் ஒரே ஊரில் ஒருவர் கலையை ஒருவர் சுவைத்து வாழ்ந்தனர். அந்தச் சூழல் எவராலும் திட்டமிடப்பட்டதன்று. ஆனால் நடந்து போகும் தொலைவில் ஆசிரியர் இருந்தார் என்பதுதான் அதன் அடிப்படை.

நடந்து போகும் தொலைவில் இன்று நமக்கு இருப்பது என்ன? இதைக் கண்டறிய நம் பங்கின் மறைக்கல்வி மாணவர் சிலரையும் அவர்தம் பிற சமய நண்பர்களையும் அழைத்துக்கொண்டு நரசிங்கம்பேட்டைக்குச் சென்றோம். 2022-இல் அவ்வூர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் ஊரின் பெயர் செய்தித்தாள்களில் வந்தது. பட்டறையோ பழையபடியே எளியது. ஆச்சா மரத்தில்தான் கருவி செய்கின்றனர். புதிதாக வெட்டிய மரம் உதவாது. நெடுங்காலம் உலர்ந்து முற்றிய மரம் வேண்டும். இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்தரமும் தூணும் அதற்காக வாங்கப்படுகின்றன. யாரோ ஒருவர் வீட்டின் கூரையைத் தாங்கிய மரம், இரண்டு தலைமுறைக்குப் பின் கலியாணியாகவோ தோடியாகவோ ஒலிக்கப் போகிறது என்று எண்ணிப் பார்க்கையில் நமக்கு உடல் சிலிர்த்தது.

உலவு என்னும் நீண்ட குழல், கீழே அணைசு, மேலே கெண்டை, அதில் செருகும் சீவாளி என ஒவ்வோர் உறுப்பையும் கைவினைஞர் பிள்ளைகளின் கையில் கொடுத்து விளக்கினார். விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழேயும் துளைகள் உண்டு. சுருதியைச் சரிசெய்ய அவற்றில் மெழுகு வைத்து அடைப்பார்கள். முற்காலத்தில் குட்டையான திமிரி நாகசுரம் வழக்கில் இருந்தது. அதன் ஒலி மிகக் கூர்மையானது. 1955-இல் இவ்வூர் ரங்கநாத ஆசாரி, சுத்த மத்திமம் பிழையின்றி ஒலிக்கும்படி நீண்ட பாரி நாகசுரத்தை வடிவமைத்தார். இராசரத்தினம் பிள்ளையின் கையில் அது உலகறியப் பெற்றது. ஒரு வித்துவானின் தேவையும் ஒரு தச்சரின் காதும் சந்தித்ததால் விளைந்த கருவி அது. படிப்பு என்பதை இப்படியும் பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிறதே என்று நாம் மகிழ்ந்தோம்.

"ஊதிப் பாக்குறீங்களா தம்பி?" என்று கைவினைஞர் கேட்டார். சிறுவர் மூவர் ஊதினர். காற்றுதான் வந்தது, அனைவரும் சிரித்தனர். அப்போது எட்டாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி, "தவில் எங்கே செய்வாங்க?" என்று கேட்டாள். ஏன் என்று வினவியபோது, தனக்குத் தவில்தான் பிடிக்கும் என்றாள். கூட வந்த பையன்கள் மீண்டும் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் பேருந்தின் முன் இருக்கைக் கம்பியில் அவள் விரல்கள் தட்டிக்கொண்டே வந்தன.

அவளுடைய தாயார் பிறகு நம்மிடம் பேசினார். செலவைப் பற்றிய கவலை அவருக்கு இரண்டாவதுதான். முதற்கவலை வேறு. தவில் பெண்பிள்ளை தோளில் மாட்டும் வாத்தியமா, அது பரம்பரையாக வாசிக்கும் குடும்பத்தாருக்கு உரியதாயிற்றே, நம் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவார், ஊரார் என்ன சொல்வார் என்பனவே அவர் கேட்டவை. கலை பயிலத் தடையாயிருப்பது பணமும் தொலைவும் மட்டுமன்று என்பதை எந்த அறிக்கையைக் காட்டிலும் அத்தாயின் கேள்விகள் தெளிவாக்கின. நம் நாட்டில் ஒவ்வொரு வாத்தியத்தின் மீதும் ஒரு சாதியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. உயர்ந்தது என்று எண்ணும் வாத்தியத்தைத் தொட ஒரு பிள்ளை அஞ்சுகிறது. தன் தாத்தா அடித்த பறையைத் தொட இன்னொரு பிள்ளை நாணுகிறது.

இவ்விரு தடைகளையும் உடைத்துக் காட்டியவர்கள் தமிழகத் திருச்சபையிலேயே உண்டு. திருச்சிராப்பள்ளியில் அருட்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் 1977-இல் தொடங்கிய கலைக் காவிரி, பின்னர் நுண்கலைக் கல்லூரியாகி, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, பரதமும் இசையும் சாதி சமய வேறுபாடின்றிக் கற்பித்து வருகிறது. பரம்பரைக் குடும்பங்களுக்கும் வசதி படைத்தோர்க்கும் மட்டும் என்றிருந்த ஆடலை எளியவர் மகளும் பட்டப்படிப்பாகப் பயில வழி பிறந்தது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா முன்னின்று வளர்த்த சக்தி கலைக்குழு மறுபுறத்திலிருந்து தொடங்கியது. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட தலித் இளம்பெண்களுக்குப் பறையும் கிராமியக் கலைகளும் கற்பித்தது. சாவு வீட்டுக்குரியது என்று ஒதுக்கப்பட்ட பறையை, ஆண்களுக்கே உரியது என்றிருந்த பறையை, அப்பெண்கள் இடையில் கட்டி மேடையில் ஆடி அடித்தபோது அவர்கள் முகத்தில் தோன்றிய நிமிர்வைப் பார்த்தோர் மறக்கமாட்டார். சோயி ஷெரினியன் என்னும் அமெரிக்க இசை ஆய்வாளர் இக்குழுவைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் கொள்கைத் திரட்டின் 60-ஆம் எண், பண்பாட்டின் பயனை நுகர்வது இனம், பால், சமயம், சமூகநிலை என்னும் வேறுபாடின்றி எல்லாருக்கும் உள்ள உரிமை என்கிறது. அவ்வுரிமை நடைமுறையில் கிட்ட உழைப்பது கிறிஸ்தவர்க்குச் சிறப்பாக உரிய கடமை என்றும் சேர்த்துக் கூறுகிறது. இரக்கப்பட்டு இடும் கொடை என்று சங்கம் கூறவில்லை, உரிமை என்றே கூறுகிறது. இதனை நம் பங்குப் பேரவையில் வாசித்தபோது ஓர் அன்பர் எழுந்து, "உரிமை சரி ஐயா, பாட்டும் கூத்தும் சோறு போடுமா?" என்றார்.

நேர்மையான கேள்வி. இதற்குச் சிலர் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கின்றனர்: இசை கற்றால் கணக்கில் மதிப்பெண் கூடும், மூளை வளரும் என்பர். இவ்விடையை நாம் விரும்புவதில்லை. கணக்கில் மதிப்பெண் வேண்டுமாயின் கணக்கையே கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கலாமே! வெனிசுவேலா நாட்டில் 1975-இல் ஹோசே அந்தோனியோ அபிரேயு என்னும் பொருளியலறிஞர், ஏழைச் சிறுவர் பள்ளி முடிந்த பிற்பகல்களில் வந்து இசைக்கருவி பயிலும் அமைப்பைத் தொடங்கினார், நாடெங்கும் பரவிற்று. அது வறுமையை ஒழித்தது என்று புகழ்ந்தோரும் உண்டு, அவ்வளவு நடக்கவில்லை என்று ஆராய்ந்து மறுத்தோரும் உண்டு. நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்வது சிறியது: பள்ளி முடிந்த நேரம், வீட்டுக்கு அருகில் ஓரிடம், தவறாமல் வரும் ஆசிரியர்.

சோறு போடுமா என்பதற்கு நம் விடை, பலருக்குப் போடாது என்பதே. நம் பிள்ளைகளில் பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் செல்வர். நடவும் அறுப்பும் இயந்திரத்திடம் போய்விட்ட ஊரில் அவர்களைத் தடுத்து நிறுத்த ஒரு மிருதங்கத்தால் இயலாது. ஆனால் பன்னிரண்டு வயதில் தொடங்கி மூன்றாண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து, நேற்று வராத விரல் இன்று வந்தது என்று கண்ட பிள்ளை எங்கே சென்றாலும் அதனை உடன்கொண்டு செல்லும். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகனுக்கு மாட்டின் கழுத்தைக் கூர்ந்து நோக்கும் கண் இருக்கிறது என்றால், அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்காமல் விடுவது அநீதி. அவன் பின்னாளில் அதனால் சம்பாதிப்பானா என்பது வேறு கேள்வி.

ஆதலின் சென்ற தை மாதம் முதல், பங்கு மன்றத்தின் சாவியைக் கேட்டுப் பெற்று, வாரத்தில் மூன்று நாள் மாலை ஐந்து முதல் ஆறரை வரை அதனைத் திறந்து வைக்கிறோம். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பூட்டியே கிடந்த கட்டடம். மேற்குறித்த ஓவிய ஆசிரியர் இரண்டு நாள் வருகிறார். ஒரு நாள் மயிலாடுதுறையிலிருந்து மிருதங்க ஆசிரியர் வருகிறார். அவர் இந்து சமயத்தவர். மன்றத்தில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்து முதல் நாள் தயங்கினார், பங்குத்தந்தை தாமே தேநீர் கொண்டுவந்து கொடுத்தபின் தயக்கம் போயிற்று. 17 பிள்ளைகள் வருகின்றனர். அவருள் கத்தோலிக்கர் ஆறு பேர். நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்லத்தான் செய்தனர். அன்பியக் கூட்டமொன்றில் இரண்டு மணி நேரம் இது பேசப்பட்டது. ஓவிய ஆசிரியருக்கும் மிருதங்க ஆசிரியருக்கும் தரும் ஊதியத்தில் பாதி பிற சமயப் பெற்றோரிடமிருந்துதான் வருகிறது என்று கணக்கைப் படித்தபின் பேச்சு ஓய்ந்தது. கொள்கையைவிடக் கணக்கு சில வேளை விரைவில் உதவுகிறது.

தவில் கேட்ட சிறுமி இப்போதைக்கு மிருதங்கத்தில் தொடங்கியிருக்கிறாள். திருவாவடுதுறைப் பக்கத்தில் தவில் வாசிக்கும் முதியவர் ஒருவர், பெண்பிள்ளைக்குச் சொல்லித்தரத் தமக்கு மறுப்பில்லை என்று சொல்லியிருக்கிறார். அவரால் வர இயலாது, அவளைத்தான் அழைத்துச் செல்ல வேண்டும். யார், எந்த நாள் என்று முடிவாகவில்லை. களிமண் சிறுவன் ஓவியத்தில் அவ்வளவு ஈடுபாடு காட்டவில்லை. தாளில் எல்லாம் தட்டையாக இருக்கிறது என்கிறான். அவனுக்காக ஆற்றங்கரை மண் இரண்டு சாக்கு கொண்டுவந்து மன்றத்தின் பின்தாழ்வாரத்தில் போட்டிருக்கிறோம்.

ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு முன் செய்ய வேண்டியவை சில உள்ளன. பின்தாழ்வாரத்தின் ஓடு மாற்ற வேண்டும். மழைநாளில் இருட்டு முன்கூட்டியே கவிவதால் பெண்பிள்ளைகளைத் தெருக்கோடி வரை கொண்டுவிட முறைவைத்து இருவர் வேண்டும். மிருதங்க ஆசிரியர் ஏறும் பேருந்து தவறினால் அடுத்த பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க நேரிடும்; ஆகவே அவர் வரும் நாளில் மட்டும் வகுப்பைக் கால்மணி நேரம் முன்னதாகத் தொடங்கலாமா என்று பெற்றோரைக் கேட்டிருக்கிறோம். பள்ளிப் பேருந்தில் வரும் மூன்று பிள்ளைகளுக்கு அந்நேரம் ஒத்துவராது என்று இதுவரை சொல்லியிருக்கின்றனர்.